கேப்டனை மாத்தச் சொன்னது யார்?

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்றும் சொல்லலாம். இரண்டு பக்கமும் வருத்தமில்லை. அப்படிப்பட்ட எனக்கும் அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு காலேஜுக்குள் இடம் கிடைத்தது. வகுப்பில் இல்லை, ஃபுட்பால் கிரவுண்டில். கோட்டுக்கு வெளியே போட்டிருந்த மர பெஞ்சில்.

அதை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு ஓட்டை. காலேஜ் கேட்டுக்கு எதிரே என் சைக்கிள் கடை. அந்தக் காலத்துப் பந்து என்றால் வெளியே தோல், உள்ளே ரப்பர் பிளாடர், வாயைக் கட்ட நாடா. ஒரு மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்தில் பிளாடர் பஞ்சர். அட்டெண்டர் பந்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். சைக்கிள் ட்யூபுக்குப் போடுகிற அதே ஒட்டைப் போட்டு, காற்றடித்து, நாடா கட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி நடந்தவனை டீம் கேப்டன் கூப்பிட்டான்.

"எங்கண்ணா போறீங்க? பாதி மேட்ச்ல மறுபடி போச்சுன்னா? இங்கயே உக்காருங்க."

உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மேட்சுக்கும் பம்ப்பும் சொல்யூஷன் டப்பாவுமாகப் போய் உட்காருவேன். ஒரு பக்கம் மாற்று ஆட்டக்காரர்கள், ஒரு பக்கம் பி.டி. சார், நடுவில் அழுக்கு லுங்கியோடு நான். படித்தவர்கள் எல்லாம் வெயிலில் நின்று பார்த்தார்கள். எனக்கு ஏறின கொழுப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

டீம்தான் சரியில்லை. முன்னால் ஆடுகிறவர்கள் இரண்டு கோல் போட்டால் பின்னால் நிற்கிறவர்கள் நாலு வாங்குவார்கள். அதனால் மேட்ச் முடிந்த சாயங்காலம் என் கடையில் கச்சேரி. வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் என் மச்சான். உறவு ஒன்றுமில்லை, ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் இந்தக் காலேஜில் படித்துப் பட்டணத்தில் கிளார்க் ஆனான், நான் சைக்கிளுக்கு அடியில் போனேன். எலெக்ட்ரிக் ட்ரெயினை விட்டு இறங்கினால் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வருவான். இன்னொருத்தர் பெருங்களத்தூரிலிருந்து சைக்கிளில் வருகிற வாத்தியார், சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை. வெளிநாட்டு ஆட்டத்தைப் பற்றிப் பேப்பரில் வருவதையெல்லாம் படித்துவிட்டு வருவார்.

என் ஸ்பேனர்களைத் தரையில் அடுக்கி டீம் ஆக்குவார்கள். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிதான் கோல்.

"கோலிதான்டா கோளாறு" என்பான் மச்சான், கோல்கீப்பரைச் சொல்லி. "பந்து வந்தா கும்புடு போட்றான்."

"கோலிய விடுப்பா. சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து நரசிம்மரையே கூட்டிட்டு வந்து நிக்க வெச்சாலும் இந்த டிஃபென்ஸுக்கு கோல் விழும்" என்பார் வாத்தியார், சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியார். நடுவிலிருந்த பெரிய ஸ்பேனரைக் காலால் தள்ளுவார். "கோளாறு இங்க இருக்கு. கேப்டன்."

கேப்டன்தான் நடு பேக், பின்வரிசைக்கு நடுவில் நிற்கிறவன். ஸ்டாப்பர் என்பார்கள். நல்ல உயரம், நல்ல உதை. ஆனால் பந்து காலில் கிடைத்தால் கொடுக்க மனசு வராது. தானே எடுத்துக்கொண்டு எதிர் கோல் வரைக்கும் போவான். பந்து பறிபோனால் திரும்பி ஓடி வர மூச்சு இருக்காது. பின்னால் வாசல் திறந்து கிடக்கும்.

"அவனத் தூக்கி முன்னால போடணும். சென்டர் ஃபார்வர்டு. போறதுதானே பிடிக்கும், போகட்டும். பின்னால ஓடாம நிக்கிற ஒருத்தன வைக்கணும்" என்பார் வாத்தியார்.

என்னிடமும் யோசனை கேட்பார்கள், சிரிக்கத்தான். கோலுக்குப் பின்னால் ஒரு வெறிநாயைக் கட்டிவைத்தால் எவனும் கிட்டே வரமாட்டான் என்றேன். நம் கோலியும் நிற்கமாட்டான் என்றான் மச்சான். நின்று என்ன கிழித்தான், ஓடட்டும் என்றேன். இந்த அளவுதான் என் ஃபுட்பால் அறிவு.

நாலைந்து மேட்ச் வரிசையாகத் தோற்ற பிறகு, வாத்தியார் யோசனையை பி.டி. சாரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று ஆனது. யார் சொல்வது? பி.டி. சார் யோசனை கேட்கிற ஜாதி இல்லை. வாத்தியாருடைய பள்ளிக்கூடத்துக்கு ஸ்போர்ட்ஸ் டே நடத்த வருஷா வருஷம் கிரவுண்டு கொடுப்பதே அவர்தான். மச்சான் பழைய மாணவன், அந்த மரியாதை போய்விடக் கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"நானா? எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"அதான்டா! நான் சொன்னா எதுத்துப் பேசறேன்னு கோச்சுப்பாரு. நீ சொன்னா ஜோக்குன்னு சிரிப்பாரு. சிரிச்சுட்டு அப்பால யோசிப்பாரு" என்றான் மச்சான்.

"கேப்டன் எங்கூட நல்லா கீறான்டா. அவனாலதான் பெஞ்சுல உக்காந்துகினு கீறேன்."

"அவன் நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்றார் வாத்தியார். "நீ ஆரம்பிச்சு வெச்சா போதும். பின்னாலயே நிப்போம். நடுவுல நான் பிடிச்சுக்கறேன்."

படித்தவர்கள் இரண்டு பேர் என் வாயை நம்பியது அதுதான் முதல் தடவை. மயங்கிவிட்டேன். வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். மூன்றாம் வகுப்பில் இந்த அக்கறை இருந்திருந்தால் நாலாம் வகுப்புப் பார்த்திருப்பேன். காற்றடிக்க வந்த ஒரு பெரியவரிடமே "ஸ்டாப்பர் ஏறிப் போனா கவர் பண்ண ஆளில்ல சார்" என்று சொன்னேன். அவர் பம்ப்பைப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த சனிக்கிழமை மேட்சுக்கு முன்னால் பி.டி. சார் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் பெஞ்சில் கேப்டன் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். அவன் போகட்டும் என்று பார்த்தேன். பின்னாலிருந்து மச்சான் முதுகில் குத்தினான்.

"சார்" என்றேன். "கேப்டன பின்னாலேர்ந்து எடுத்துடுங்க சார். அவரு ஏறிப் போனா திரும்பி வரமாட்டேன்றாரு. வாசல் தொறந்து கீது."

மனப்பாடம் செய்ததில் பாதி காணாமல் போய்விட்டது. மீதி இப்படி விழுந்தது. கேப்டனின் கை நாடாவிலேயே நின்றது.

பி.டி. சார் சிரிக்கவில்லை. "யாருய்யா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"நாங்க மூணு பேரும் பேசிக்கினு..." என்று திரும்பினேன்.

வாத்தியார் நாலு கெஜம் தள்ளி, கார்னர் கொடியை முதல் முறையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் மட்டும் இடத்திலேயே இருந்தான். அவனாவது வாயைத் திறக்கிறானே என்று எனக்கு உயிர் வந்தது.

"இவன் பேச்ச எடுத்துக்காதீங்க சார்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "பஞ்சர் ஒட்டறவன். கொஞ்சம் இடம் குடுத்தீங்க இல்ல, அதான் உளர்றான்."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். கண்ணடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

கேப்டன் எழுந்தான். "எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேண்ணா. பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"வெளியாள் யாரும் இனிமே பெஞ்சுப் பக்கம் வரக் கூடாது" என்றார் பி.டி. சார். பம்ப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என்னோடு யாரும் வரவில்லை. அவர்களுக்கு மேட்ச் இருந்தது.

அன்றைக்கும் தோற்றார்கள். எனக்கு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அதன் பிறகு பிளாடர் பஞ்சரானால் அட்டெண்டர் கொண்டுவருவார், ஒட்டியதும் அவரே கொண்டுபோவார். நான் ஒட்டின பந்து உள்ளே போகும், நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பேன். கடைக்கு வாத்தியாரும் வரவில்லை, மச்சானும் வரவில்லை. ஸ்பேனர்கள் ஸ்பேனர் வேலையே பார்த்தன.

கொஞ்ச நாள் கழித்து அட்டெண்டர்தான் சொன்னார்.

"டீம் ஜெயிக்க ஆரம்பிச்சிடுச்சு, தெரியுமா? கேப்டன் இப்ப முன்னால ஆடறான். உங்க வாத்தியார் சார் குடுத்த ஐடியாவாம். பி.டி. சார் ரூமுக்கே போய் இங்கிலீஷ்ல பேசியிருக்காரு. பி.டி. சாரே கை குடுத்து, கேப்டனையும் கூப்ட்டு ஒத்துக்க வெச்சுட்டாரு. வாத்தியாரும் உங்க தோஸ்தும் இப்ப பெஞ்சுலதான் உக்கார்றாங்க."

நான் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் ட்யூபை எவ்வளவு நேரம் அமுக்கி வைத்திருந்தேனோ, அட்டெண்டர் "இன்னா, ட்யூப மூழ்கடிச்சே கொல்லப் போறியா?" என்றார்.

சீசனின் கடைசி மேட்சன்று மச்சான் கடைக்கு வந்தான். புதுச் சட்டை. ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

"பி.டி. சார்கிட்ட உனக்காக பேசிட்டேன்டா. வரலாம்னு சொல்லிட்டாரு. வாயத் தொறக்காம உக்காந்தா போதும்."

"கேப்டன்கிட்ட பேசினியா?"

"அவங்கிட்ட இன்னா பேசறது?"

"அன்னிக்கு நான் சொன்னது என் பேச்சு இல்ல, வாத்தியார் பேச்சு, நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னு. அத மட்டும் போய் சொல்லு மச்சான். பெஞ்சு கூட வேணாம்."

மச்சான் ரோட்டைப் பார்த்தான். "அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குடா? அவனே மறந்திருப்பான். டீம் ஜெயிக்குதில்ல?"

"மறந்துட்டான்னா சொல்றதுல இன்னா நஷ்டம்?"

"நீ ஒரு பேஜாருடா" என்று எழுந்தான். "வர்றியா இல்லியா?"

எனக்கு வேலை இருக்கிறது என்றேன். கடையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அவனும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி கேட்டுக்குள் போனான்.

மேட்ச் ஆரம்பித்தது சத்தத்தில் தெரிந்தது. இடைவேளை தாண்டி ஒரு பெரிய கூச்சல் வந்தது. எந்தப் பக்கம் கோல் என்று கூச்சலை வைத்தே சொல்லிவிடுவேன். இது எங்கள் கோல். கேப்டன்தான் போட்டிருப்பான். எழுந்து நின்றுவிட்டேன். கை தட்டுவதற்குள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.