இரும்பை அடித்தது நான்

மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது, கோலா சிலாங்கூருக்கும் ஜெராமுக்கும் இடையே, கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோட்டத்தில் சில மாதம் வேலை செய்தேன். நான் எந்த இடத்திலும் ஓராண்டு தங்கியவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நான்கு தோட்டம், பிறகு சுங்கை செம்பிலாங்கில் ஒரு மீன்படகு என்று சுற்றிவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

அப்போது லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல். வேலைக்குப் போகிறவர்கள் சோறு எடுத்துப் போகக் கூடாது. அது காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வாசலில் சோதிப்பார்கள். அந்த வாசலருகே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதை விட்டு விட்டு அடித்தால் எல்லாரும் வந்து கூட வேண்டும். நிறுத்தாமல் அடித்தால் துப்பாக்கிச் சூடு வரப்போகிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுத் தரையில் படுக்க வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

அன்று என் பாதத்தில் கத்தி பட்டு வீங்கியிருந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னை வாசலில், இரும்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்குச் சாப்பாடு போடும் அக்காவின் வீடு வாசலுக்கு எதிர் லயத்தில். பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்ததால் அவர் வேலைக்குப் போகவில்லை.

"நொண்டியையா காவலுக்கு வச்சாங்க? வர்றவன் பாவப்பட்டுத் திரும்பிப் போயிருவான்லா" என்று கதவருகே நின்று சிரித்தார்.

"உங்க மீன் கொழம்ப ஒரு வாய் குடுங்கக்கா, ஓடியே போயிருவான்" என்றேன்.

"இரு இரு, சாயங்காலம் தட்டத் தூக்கிட்டு வருவல்ல, அப்ப பேசிக்கிறேன்."

மதியத்துக்குப் பிறகு காற்று அடியோடு நின்றுவிட்டது. தென்னை ஓலை ஒன்றும் அசையவில்லை. கடல்மேல் ஒரு மேகம், அடிப்பக்கம் வெட்டிவைத்ததுபோலத் தட்டையாக, கறுப்பாக நின்றது. அதிலிருந்து ஒரு வால் இறங்கியது. படகில் இருந்தபோது இதைப் பார்த்திருக்கிறேன். முதலில் கடலில் ஓரிடத்தில் தண்ணீர் வட்டமாகக் கொதிக்கும். மேலிருந்து வால் நீண்டு வந்து அதைத் தொடும். அது இடமோ வலமோ நகர்ந்தால் பயமில்லை, ஒரே இடத்தில் நின்று பருத்துக்கொண்டே போனால் நம்மை நோக்கி வருகிறது என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். பெரும்பாலும் கரையைத் தொட்டதும் அறுந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். நான் அந்தப் பின்பாதியை நம்பிச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது நகரவில்லை. பருத்தது. கரையோர அலையாத்தி மரங்களைத் தொட்டதும் வெள்ளையாக இருந்தது சேற்று நிறமானது. அறுபடவில்லை. ஓலைகள் காக்கைக் கூட்டம்போல மேலே சுற்றின.

வாசலில் இருந்த மலாய்க் காவலர் "ரிபுட்!" என்று, புயல் வருகிறது என்பதை மலாயில் கத்திக்கொண்டு, பக்கத்து வாய்க்காலில் குதித்தார். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டபடி வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். அவருக்கும் வாய்க்காலுக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது.

நான் கம்பியை எடுத்துத் தொங்கிய இரும்பை அடித்தேன். பயத்தில், நிறுத்தாமல், கை வலிக்க அடித்தேன்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சுடுகிறவன் எந்தப் பக்கம் என்பதுபோல வாசலைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். தாழ் விழும் சத்தம் கேட்டது. வரிசையாக எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டன.

அப்போதுதான் நான் செய்தது உறைத்தது. "வெளிய வாங்க! காத்து! வாய்க்கால்ல எறங்குங்க!" என்று கத்தினேன். பத்து லோரி ஒன்றாக வருவதுபோல இரைச்சல். உள்ளே படுத்திருந்தவர்கள் பட்டாளத்து லோரி என்றுதான் நினைத்திருப்பார்கள். நொண்டிக்கொண்டு பாதி தூரம் போனேன். பிறகு நானும் வாய்க்காலில் விழுந்து படுத்துக்கொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு பீடி பாதி எரியும் நேரம்தான். எழுந்தபோது எதிர் லயத்துக்குக் கூரை இல்லை. பக்கத்து லயத்தில் கொடியில் காய்ந்த கைலி அப்படியே தொங்கியது. அக்காவின் மேல் உத்தரம் விழுந்திருந்தது. பிள்ளை அவருக்கு அடியில், மழையில் நனைந்து அழுதுகொண்டிருந்தது. பலருக்குக் கை கால் முறிந்தது. உயிர் போனது அக்காவுக்கு மட்டும்.

அவர் கணவர் வேலைக்காட்டிலிருந்து ஓடி வந்தார். யார் இரும்பை அடித்தது என்று மண்டோர் கேட்டார். நான்தான் என்றேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் கை ஓங்கவில்லை. அடக்கம் முடிந்ததும் அக்காவின் கணவர் என்னிடம் வந்தார்.

"மனசுல வச்சுக்காத தம்பி. பச்ச ஒடம்புக்காரி. நீ அடிக்காட்டியும் உள்ளதான் படுத்திருந்திருப்பா."

நான் தலையை ஆட்டினேன். அக்கா வெளியே வந்து நின்றார் என்பதைச் சொல்லவில்லை. மறு வாரம் கால் ஆறுவதற்கு முன்பே பஸ் ஏறி கிள்ளானுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகும் பல வேலை, பல ஊர். இப்போதும் கடல்மேல் மேகம் அடி தட்டையாகக் கறுத்தால், எனக்கு முதலில் கேட்பது ஒரு கதவு தாழிடும் சத்தம். என்னை நம்பி ஒருவர் போட்ட தாழ் அது.