இரண்டு அந்தோணியார்கள்

ராயபுரத்தில் கடற்காற்று உள்ளே புகுந்துவரும் கோயில் ஒன்றில், செவ்வாய்தோறும் அந்தப் பெரியவரைப் பார்ப்பேன். துறைமுகத்தில் வடம் இழுத்துக் காய்த்த கைகள். பதுவை அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி, வனத்து அந்தோணியாருக்கு ஒன்று. சுடர் நிலைக்கும்வரை உள்ளங்கையால் காற்றை மறித்து நிற்பார்.

“இன்னாத்துக்கு நைனா ரெண்டு?” என்றேன் ஒருநாள்.

“புள்ள பேரு அந்தோணி. சண்ட காலத்துல கப்பலேறிப் போனான், சேதியே இல்ல. பதுவையாரு காணாமப்போனத தேடிக் குடுக்கறவரு. வனத்தாரு காட்டுல தனியா கெடந்தவரு. பேரு வெச்ச அவன் ஆத்தாளும் செத்துப் பூட்டா. ரெண்டுல எவரு பேருன்னு கண்டேன்?”

யுத்தம் முடிந்து பல வருஷமாகியும் வந்தார். ஒரு செவ்வாயன்று பதுவையார் முன்னால் மட்டும் இருட்டாக இருந்தது. என் மெழுகுவத்தியை நீட்டினேன்.

“வாணாம்பா. அவரு தேடுனது போதும். புள்ள எங்கியோ தனியா கீறான், தொணைக்கு வனத்தாரு இருக்கட்டும்.”

அந்த மெழுகுவத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் முன்னால் ஏற்றுவதென்று தெரியவில்லை.