கல் நிற்கும் இடம்

நனைத்த செங்கல்லை இரண்டு கையிலும் ஏந்தி, முழங்காலை லேசாக மடக்கி, நிமிரும்போதே விட்டுவிடுவாள். எறிகிறாள் என்று சொல்ல மனம் வராது, அனுப்புகிறாள். கல் புரளாமல் நேராக மேலே போய், சாரத்தில் நிற்கும் அவள் புருஷனின் நெஞ்சுக்கு எதிரே ஒரு கணம் அசையாமல் நிற்கும். அவர் அதை அலமாரியிலிருந்து எடுப்பதுபோல எடுத்துப் பக்கத்தில் அடுக்குவார்.

கட்டட வேலைக்காரர்களுக்கு அவள் கல்லக்கா. புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையும், உள்ளங்கைக்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய உறையும்தான் அவளுடைய தளவாடம். காலையில் முதல் கல்லை ஒரு முழம் தூக்கிப் போட்டுத் தானே பிடித்துப் பார்ப்பாள். தோள் அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறது என்று விசாரிக்கிறாளாம்.

தொழில் ரகசியத்தைக் கேட்டால் ஒளிக்கமாட்டாள். "மேல போற கல்லு, கீழ வரதுக்கு முந்தி கொஞ்சம் யோசிக்கும். அப்ப எடுத்துக்கணும். அவ்ளோதான்."

ஒருமுறை என்ஜினீயர் அம்மா மெனக்கெட்டு விளக்கினார்: உயரம் ஒன்றுதான் என்றால் கொடுக்கவேண்டிய வேகமும் ஒன்றுதான், காய்ந்த கல், நனைந்த கல் என்ற பேதமே கிடையாது. கல்லக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "கல்லுக்கு வேணா ஒண்ணா இருக்கலாம்மா. என் தோளுக்கு ரெண்டும் வேறதான்." என்ஜினீயர் அம்மா சிரித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் மூன்று நாள் வீட்டில் பேச்சு இருக்காது. வேலையில் மட்டும் கல் அதே இடத்தில் போய் நிற்கும். கோபத்தைக் கல்லில் காட்டினால் யார் மண்டை உடையும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. கல்லால் அல்ல, குளியலறையில் வழுக்கி. மாவுக்கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார். மேஸ்திரி, ஒரு காலை நேரம் பார்ப்போம் என்றார். கல்லைத் தவறவிட்டால் மேலே வேறு ஆள். இவர் கீழே மணல் சலிக்கவேண்டியதுதான். இருபது வருஷமாகச் சாரத்தில் நின்ற மனுஷன், மணல் சலித்துவிட்டு வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கை வலிக்கப்போகிறதே என்ற பரிதாபத்தில் அன்று கல்லை மெதுவாக விட்டாள். ஒவ்வொன்றும் போய்ச் சேரும்வரை அண்ணாந்தே நின்றாள். மெதுவாக விட்ட கல், அவருடைய முழங்காலுக்குக் கீழேயே நின்று திரும்பியது. அவர் வெளியே குனிந்து குனிந்து, இறங்குகிற கல்லை எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தது. ஐந்தாவது கல் விரலைத் தொட்டு நழுவி, அவள் காலுக்கு ஒரு அடி தள்ளி மணலில் புதைந்தது.

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து அவர் குரல் வந்தது. சத்தம் போடவில்லை.

"எனக்காக மெதுவா போடாத. பாவம் பாத்துப் போட்டா, விழுற கல்லத்தான் நான் புடிக்கணும். கை அப்பதான் வலிக்குது. எப்பவும் போல போடு."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தொழில் ரகசியம் சொன்னவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. மேஸ்திரி மணலில் கிடந்த கல்லைப் பார்த்தார். பிறகு, அவள் கையைப் பார்த்தார். "ம், போடு" என்றார்.

கல்லக்கா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு கல்லை எடுத்தாள். முழங்காலை மடக்கி, பழைய வேகத்திலேயே அனுப்பினாள். அது கையை விட்டதும், அண்ணாந்து பார்க்காமல், அடுத்த கல்லை எடுக்கக் குனிந்தாள்.