சீனக் கூத்தின் முன்வரிசை

போன கிழமை லா சப்பலில் ஒரு தமிழ்க்கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். பக்கத்தில் நின்று முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணியின் கைபேசியிலிருந்து சேகண்டிச் சத்தமும், மூக்கால் இழுத்துப் பாடுகிற மெல்லிய குரலும் கேட்டன. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். நான் அந்தப் பாட்டு முடியும்வரை அப்படியே நின்றுவிட்டேன். "அண்ணை, வாங்கிறியளோ இல்லையோ?" என்று பின்னால் நின்றவர் கேட்கும்படி ஆகிவிட்டது.

அந்தப் பாட்டை எனக்குப் பழக்கியவன் லிம். பாரிசுக்கு வந்த புதிதில் பெல்வில் பக்கம் ஒரு சீன உணவகத்தில் நான் கோப்பை கழுவினேன். அவன் அங்கே சமையல். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கம்போடியாவில் பிறந்த சீனன். அங்கே நடந்த கொலைகளில் தாய், தகப்பன், இரண்டு தங்கைமார் எல்லோரையும் பறிகொடுத்துவிட்டுத் தனி ஆளாக வந்தவன்.

எங்கள் இருவரின் பிரெஞ்சையும் சேர்த்தாலும் ஒரு முழு வசனம் தேறாது. ஆனாலும் மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் பின்கதவடியில் நின்று பேசிக்கொண்டே இருப்போம். எதில் தொடங்கினாலும் பேச்சு அவனுடைய 'ஒபெரா'வில்தான் போய் நிற்கும். நான் அதைக் கூத்து என்றே மனதில் எழுதிக்கொண்டேன். ஒருநாள், எங்களிடமும் கூத்து உண்டு, எனக்கும் ஆடத் தெரியும் என்று அளந்துவிட்டேன். ஆடிக் காட்டு என்றான். இரண்டு எட்டு வைப்பதற்குள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தேன். அதற்குப் பிறகு கேட்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆதியில் கோயில் முற்றத்தில் தெய்வங்களுக்கு முன்னால் ஆடியதாம். பிறகு ஒரு சக்கரவர்த்தி தன் பேரிக்காய்த் தோட்டத்தில் ஆட்டக்காரருக்குப் பள்ளிக்கூடம் வைத்தானாம். இன்றைக்கும் நடிகர்களைப் பேரித்தோட்டத்துப் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்களாம். தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்தது, ஊருக்கு ஊர் பாஷையும் மெட்டும் மாறியது, ஆண்கள் பெண் வேடம் கட்டிய காலம் போய்ப் பெண்களே மேடையேறினார்கள், பிழைக்கக் கப்பலேறிய சனத்தோடு கூத்தும் கப்பலேறியது. கம்போடியாவில் மேளத்தை ஒளித்துவைத்தவர்களில் தப்பிய சிலர் பாரிசில் மறுபடி அடிக்கிறார்கள் என்று முடித்தபோது லிம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரூ பஜோலில் எங்கள் பிள்ளையார் கோயில் தேருக்கு ஆயத்தம் நடக்கிற ஓர் ஆவணி மாதம். ஞாயிறு பின்னேரம் நாங்கள் கூத்து வைக்கிறோம், அக்காவையும் கூட்டிக்கொண்டு வா என்றான் லிம். அக்கா பாரிசுக்கு வெளியே செவ்ரானில் இருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஓர் அண்ணை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஒரு காலை சைக்கிளில் வெளிக்கிட்டவர் திரும்பவில்லை. எங்கே, யாரால் என்று ஒன்றும் தெரியாது. அக்கா அவருக்குத் திவசம் செய்ய விடமாட்டார். தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கும் ஒரு புதுச் சேட்டு எடுத்து மடித்து அலுமாரியில் வைப்பார். நானும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வாடகை மண்டபம். நாங்கள் போனபோது முன்வரிசை முழுவதும் காலி. நம்முடைய விழாக்கள் உங்களுக்குத் தெரியாததா? சனம் எல்லாம் கதவடியில் இருக்கும். 'தயவுசெய்து முன்னுக்கு வாருங்கோ' என்று ஒலிபெருக்கி கெஞ்சும். அக்காவுக்கு லிம்மில் இரக்கம் வந்துவிட்டது.

"பாவமடா அந்தப் பெடியன். ஒருத்தரும் முன்னுக்கு வரேல்லை. வா, நாங்களாவது இருப்பம்."

அக்காவின் காஞ்சிபுரம் சரசரக்கப் போய் முன்வரிசையின் நட்டநடுவில் இருந்தோம். மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. லிம் ஓடிவந்து எங்கள் முன்னால் குந்தினான்.

"இந்த வரிசை செத்தவர்களுக்கு. இந்த மாதம் அவர்கள் வருவார்கள். அவர்கள் பார்க்கத்தான் இந்தக் கூத்து." பிறகு மெதுவாக, "நீ இருப்பது என் அம்மாவின் இடம்" என்றான்.

துள்ளி எழும்பினேன். அவனோ எங்களைக் கோபிக்கவில்லை. அண்ணையின் கதை அவனுக்குத் தெரியும். "அந்தக் கரையில் இடம் இருக்கிறது. உன் அண்ணனுக்கும் ஒன்று வைத்துக்கொள்" என்றான். அவனிடம் இருந்ததில் பெரியதைத்தான் அவன் எனக்குத் தந்தான். எனக்கு அதை வாங்கத் தைரியம் வரவில்லை.

"என்னவாம்?" என்றார் அக்கா. சொன்னேன்.

அக்கா எழும்பி இரண்டாம் வரிசைக்குப் போய் இருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்தார்.

"அவன் வந்தா இதிலை இருப்பான். உயிரோடை இருக்கிற ஆக்களோடை."

மண்டபம் நிரம்பியது. ஒரு கிழவர் வந்து கைப்பையைக் காட்டி ஏதோ கேட்டார். லிம் அவரிடம் சீனத்தில் என்னவோ சொல்லி வேறிடம் காட்டினான். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன்" என்றான்.

மேடையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, வேறொன்றும் இல்லை. விசுவாசத்துக்கு அடையாளமாக முகத்தில் சிவப்புப் பூசிய தளபதி, கையில் ஒரு சாட்டையோடு மேடையை ஒருமுறை சுற்றி வந்தான். சாட்டைதான் குதிரை, அந்த ஒரு சுற்றில் அவன் ஆயிரம் காதம் கடந்து வீடு வந்துவிட்டான் என்று லிம் பின்னாலிருந்து சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஒரு சுத்திலை வீட்டை வந்திட்டானோ?" என்று கேட்ட அக்கா, அதற்கு மேல் தாங்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணைக்காக அக்கா அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அந்த உணவகம் இப்போது கைபேசிக் கடை. மண்டபத்தை இடித்துக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். லிம் மகளோடு தெற்கே எங்கேயோ போனான். தொலைபேசி இலக்கம் மாறியபின் தொடர்பில்லை.

போன மாசியில் அக்காவும் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் கிரியையில் ஐயர், குடும்பத்தில் முன்னரே காலமானவர்களின் பெயர்களைக் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். அம்மா பெயரைச் சொன்னேன்.

"வேறை ஆரும் இருக்கினமோ?"

என்னைத் தடுக்க ஆள் இல்லை. அண்ணையின் பெயரைச் சொன்னேன். ஐயர் அதைத் திருப்பிச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். விட்டேன். அண்ணை வருவார் என்று காத்திருக்க இனி உலகத்தில் ஒருவரும் இல்லை.