ஈத்தப்பாறைக்கு ஆறு மாதம் பிந்திப் போன துட்டி

போன ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, குற்றாலத்துக்கு மேற்கே மலைக்குள் ஆதிவாசிகள் இருக்கும் ஈத்தப்பாறைக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரர் மாசியில் இறந்துபோனார். அதைச் சொல்லத்தான் போனேன். எங்கள் பக்கம் சாவுச் செய்தியைத் துட்டி என்போம். சண்டைக்காரனுக்குக்கூடத் துட்டி சொல்லிவிட வேண்டும். வருவதும் வராததும் அவன் பாடு. சொல்லாமல் விட்டால் அவனை மனிதனாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். நான் தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன்.

எட்டாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். எழுதியதை மகள் பிழை திருத்தித் தந்தாள். சில வரிகளை எடுத்துவிடலாம் என்றாள். வேண்டாம் என்றேன்.

அவர் குழாய் வேலை செய்தவர். ஏழு வருசத்துக்கு முன் ஒரு காண்டிராக்டரிடம் கூலிக்குப் போய், ஊற்றிலிருந்து ஈத்தப்பாறைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கறுப்பு ஓஸ் குழாய் இழுத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காண்டிராக்ட் முடிந்தது, இவர் போக்குவரத்து முடியவில்லை. யானை மிதித்தாலும் மழையில் கல் உருண்டாலும் கிளம்பிவிடுவார். ஒருமுறை பாறையில் வழுக்கிக் கால் முறிந்தது. ஈத்தப்பாறைக்காரர்கள் நாலு பேர் கம்பில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி அடிவாரம் வரை தூக்கிக்கொண்டு வந்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் செருப்பில்லாமல் நின்ற அந்த நாலு பேரையும் நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் வேலன்.

அவர் இறந்த மூன்றாம் நாள் அவருடைய போன் அடித்தது. வேலன்தான்.

“மதினி, அண்ணாச்சி இருக்காவளா? ஆனை ஓஸ மிதிச்சிட்டு.”

பந்தலில் என் தம்பிமாரும், புளியங்குடியில் கமிஷன் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். மலையிலிருந்து பத்துப் பேர் இறங்கி வந்து இவர்கள் நடுவில் உட்கார்ந்தால் என்ன பேச்சு வரும் என்றுதான் எனக்குத் தோன்றியது. “வெளியூர் போயிருக்காவ, வந்ததும் சொல்லுதேன்” என்றேன். வைகாசியில் மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் அதையே சொன்னேன். அதற்கப்புறம் அந்தப் போனையே அணைத்து வைத்துவிட்டேன்.

மனது தாங்காமல் ஆவணியில் நானே அவனைக் கூப்பிட்டு, மேலே வரவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

போகிறவர்களுக்காக வழியையும் எழுதிவிடுகிறேன். வனத்துறை அனுமதி இல்லாமல் சாவடியைத் தாண்ட முடியாது. ஆதார் நகல் இரண்டு கேட்டார்கள். கைக்கு வர நாலு நாள் ஆனது. காலை 6.10க்கு எங்கள் ஊர் அச்சன்புதூரில் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 6.45க்குத் தென்காசி. அங்கே இரண்டு இட்லி, ஒரு வடை, 30 ரூபாய். 7.30க்குக் குற்றாலம். அங்கிருந்து அடிவாரச் சாவடி 9 கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 300 கேட்டு 250க்கு வந்தார்.

“அங்கன அருவி ஒண்ணும் கிடையாதேக்கா. எதுக்குப் போறீய?”

“தெரிஞ்சவங்க இருக்காவ.”

“மலையிலயா?” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “தேன் வாங்கவா இருக்கும். சீனிப்பாகு ஊத்தித் தந்துருவானுவ, பாத்து வாங்குங்க.”

ஆமாம், தேன்தான் என்றேன். முன்பின் தெரியாத அந்த ஆட்டோக்காரரிடம்கூட என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

சாவடியில் வேலன் ஒரு கம்போடு நின்றான். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“அண்ணாச்சி வரலியா மதினி?”

“வரல.”

“கால் வலியாக்கும். பாறையில டான்ஸ் ஆடாதீய அண்ணாச்சின்னு அன்னைக்கே சொன்னேன். தூக்குன எங்களுக்குத் தோள் கழலுது, அவரு தொட்டில்ல படுத்துட்டுப் பாட்டு பாடிட்டு வாராரு. நல்ல குரலு இருந்தாலாவது பரவால்ல.”

அவர் பாடியது எனக்குத் தெரியாது. என்னிடம் வலிக்கிறது என்று மட்டும்தான் சொன்னார். ஏழு கிலோமீட்டரும் வேலன் அவரைக் கேலி பண்ணிக்கொண்டே வந்தான். இந்த வளைவில் சொல்லுவோம், அடுத்த வளைவில் சொல்லுவோம் என்று நானும் ஏறிக்கொண்டே இருந்தேன். 8.20க்குக் கிளம்பி 11.50க்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு ஓடை கடக்க வேண்டும். அட்டை நிறைய. உப்பும் புகையிலையும் முடிந்த துணியைக் காலில் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

ஈத்தப்பாறையில் இருபத்துமூன்று வீடுகள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த காரை வீடுகள் ஒழுகுவதால் பக்கத்தில் ஈத்த ஓலையில் சாய்ப்பு இறக்கி அதில்தான் சமைக்கிறார்கள். சோலார் விளக்கில் நாலுதான் எரிகிறது. ரேசன் அரிசியைத் தலைச்சுமையாக ஏற்றுகிறார்கள். பிள்ளைகள் கீழே விடுதியில் தங்கிப் படிக்கின்றன. கர்ப்பிணிகள் எட்டாம் மாதமே கீழே இறங்கிவிடுகிறார்கள். போன் பேச ஒரே ஒரு பாறை, அதில் ஏறி நிற்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டிக்குள் சருகுதான் கிடந்தது. பெண்கள் ஓடைக்கு இறங்கி ஏற நாற்பது நிமிசம், ஒரு நாளைக்கு இரண்டு நடை. யானைக்குப் பயந்து தட்டைத் தட்டிக்கொண்டு கூட்டமாகப் போகிறார்கள். வேலன் பெண்டாட்டி செல்லி இரண்டு குடத்தோடு மேலே வந்தாள்.

“ஓஸ சரிபண்ண வேற ஆள் யாரும் கெடைக்கலியா?” என்று கேட்டேன்.

“கெடைக்காம என்ன? கீழ ஒருத்தன் வாரேன்னான். இவுகதான் வேண்டாம்னுட்டாக. அண்ணாச்சி போட்ட ஓஸுல இன்னொருத்தன் கை வெச்சா அவருக்கு வருத்தமாயிரும்லாக்கா. எப்பயும் வருவாகதான.”

ஆறு மாதம். அவர் மனது கோணக்கூடாது என்று ஆறு மாதம் சுமந்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

“அவர் இறந்துட்டாரு வேலா.”

வேலன் உட்கார்ந்துவிட்டான். “எப்ப?”

“மாசியில.”

“நான் போன் போட்டேனே.”

“அது மூணாம் நாளு.”

“வெளியூர் போயிருக்காவன்னீய.”

“பொய் சொன்னேன்.”

வேலன் எழுந்து வேட்டியை அவிழ்க்காமல் தொட்டிப் பக்கம் போனான். செல்லி கொண்டுவந்த குடத்தைத் தூக்கி அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டான். தொட்டில் தூக்கிய மற்ற மூன்று பேரும் வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு குடம். துட்டி காதில் விழுந்ததும் தலைக்குக் குளிக்கிறவர்கள் பங்காளிகள். அவருடைய சொந்தச் சித்தப்பா மகன் சென்னையில் இருந்துகொண்டு குளித்தானோ என்னவோ. இங்கே காலையிலிருந்து சுமந்த தண்ணீர் பாறையில் வழிந்து ஓடியது. அதைப் பார்க்க முடியாமல் நான் கீழே குனிந்துகொண்டேன்.

அன்று மத்தியானம் அந்த வீடுகளில் உலை வைக்கவில்லை. செல்லி ஈரச்சேலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவே இல்லை.

“சொல்லியிருந்தா வாசலுக்கு வெளியதான் நின்னுருப்போம்க்கா. பந்தலுக்குள்ள வந்திருக்க மாட்டோம். அது எங்களுக்குத் தெரியும்லா.”

என் மனதில் இருந்ததை அவள் அப்படியே எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

2 மணிக்கு இறங்கி 4.30க்குச் சாவடி. வழி நெடுக வேலன் பேசவில்லை. வழுக்குகிற இடத்தில் மட்டும் கம்பை நீட்டினான்.

நீங்கள் போவதாக இருந்தால் பிடிப்புள்ள செருப்பு, மாற்றுத் துணி, குடிக்கத் தண்ணீர் எல்லாம் கையோடு இருக்கட்டும். அங்கே தண்ணீர் கேட்கும்போது அது எவ்வளவு தூரம் வந்தது என்று யோசித்துக் கேளுங்கள். கழிப்பறை கிடையாது. பிளாஸ்டிக் பையைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். 2 மணிக்கு மேல் அங்கே நிற்காதீர்கள், யானை இறங்கும்.

அடுத்த வாரம் இவரோடு வேலை பார்த்த ஒருவரை மேலே அனுப்பினேன். நூறு மீட்டர் ஓஸ் மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் வந்துவிட்டதாக அவர்தான் சொன்னார். வேலன் கூப்பிடவில்லை.

சாவடியில் பிரியும்போது, மாசியில் முதல் வருசத் தலைத்திவசம், எல்லோரும் வரவேண்டும் என்று வேலனிடம் சொன்னேன். “பாப்பம்” என்றான். நாள் குறித்ததும் மறுபடி ஏறிப்போய்ச் சொல்வேன். வந்தால் உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைப்பேன். என் தம்பிமார் எழுந்து போனால் போகட்டும். வராவிட்டால் எனக்கு அது வேண்டியதுதான்.