எழுத்தை அழிக்க ஓர் ஒதுக்கீடு

மீராசாகிபுவுக்குப் போன கடிதத்தைத் தட்டச்சில் அடித்தவன் நான். கட்டளை கொழும்பிலிருந்து வந்தது, கையெழுத்து வைத்தவர் வேறொருவர். ஆனாலும் விசையைத் தட்டிய விரல் என்னுடையது. அதனால் இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது.

அறுபத்திரண்டாம் ஆண்டு. கிளிநொச்சிப் பக்கத்தில் குளம், வாய்க்கால், குடியேற்றக் காணி எல்லாவற்றையும் பார்க்கிற ஓர் அரச அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், நான் இளைய இலிகிதர். கந்தோரின் பெயர் வேண்டாம்; அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். மீராசாகிபு எங்களிடம் சம்பளம் வாங்கியவர் அல்ல. எவரிடமுமே வாங்கியதில்லை. முல்லைத்தீவில் தகப்பன் செய்த கருவாட்டு வியாபாரத்தில் மனம் ஒட்டாமல், பதினைந்து வயதில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதத் தொடங்கினார். பிறகு லொறி, தேத்தண்ணிக் கடை, சவுக்காரக் கடை என்று கண்டதற்கெல்லாம் எழுதினார். குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது காடு வெட்டியவர்களோடு சேர்ந்து வந்து சந்தியில் ஒரு தகரக் கொட்டில் போட்டார். முன்பக்கம் அவருடைய பலகைகள் காயும். பின்பக்கக் குசினியில் மனைவி ஜொஹறா இடியப்பம் அவித்து விற்பா.

எங்கள் கந்தோருக்குப் பலகை தேவையென்றால் அவரைத்தான் கூப்பிடுவோம். வாய்க்கால் இலக்கம், காணி இலக்கம், மருந்துச்சாலைக்கு வழி, இந்தப் பாலத்தால் பாரவண்டில் போகக்கூடாது என்ற எச்சரிக்கை, இப்படிப் பத்து வருசத்தில் முப்பத்தெட்டுப் பலகை எழுதியிருந்தார். எழுதச் சொன்னால் அவர் முதலில் பலகையைத் தொடமாட்டார். அதை நடப்போகிற இடத்துக்குச் சைக்கிளில் போவார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார், வண்டில் தட்டின் உயரத்துக்கு ஏறி நின்று பார்ப்பார், வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்ப்பார். பிறகுதான் சுண்ணாம்புக் கயிறு அடித்துக் கோடு போடுவார். அந்தக் காலத்து 'ணை' எழுத்தின் யானைத் துதிக்கை போன்ற கொம்பை மேலே தூக்கி வளைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒருதரம் எங்கள் மேற்பார்வையாளர், பலகை சின்னதாகப் போய்விட்டது, எழுத்தை நெருக்கி எழுதும் என்றபோது, "பலகையைப் பெருசாக்குங்கோ ஐயா, எழுத்துக்கும் மூச்சு விடோணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரை நாங்கள் போட்காரர், பலகை எழுதுகிறவர் என்போம். என் கணக்கில் அவர் ஓவியர்.

அந்த வைகாசியில் ஒரு சுற்றுநிருபம் வந்தது. அரச கரும மொழிச் சட்டம் வந்து ஆறு வருசமாகியிருந்தது. எங்கள் பலகைகளெல்லாம் இனி அந்த ஒரே மொழியில், சிங்களத்தில், இருக்கவேண்டும். புதுப் பலகைகள் கொழும்பில், பதிவு செய்த கொந்தராத்துக்காரரிடம் எழுதப்பட்டு ரயிலில் வரும். உள்ளூரில் எழுதுவிப்பதற்கு இனிமேல் ஒதுக்கீடு இல்லை. கீழே இன்னொரு வரி இருந்தது. பழைய எழுத்துகளை அழிப்பதற்கு மட்டும் உள்ளூர்ச் செலவுக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது.

எங்கள் தலைமை இலிகிதர் பரமலிங்கம் அதை இரண்டுதரம் வாசித்தார். "எழுதினவனையே கூப்பிட்டு அழிக்கச் சொன்னால் வேலை லேசாய் முடியும்," என்றார். நான் கடிதத்தை அடித்தேன். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மீராசாகிபு கடிதத்தோடு கந்தோருக்கு வந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது.

"தம்பி, இதில என்ன கிடக்கெண்டு எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"எழுதக் காசில்லை. அழிக்க மட்டும் காசிருக்கு. அப்பிடித்தானே?"

"ஓம், நானா," என்றேன், ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில்.

அவர் நேரே பரமலிங்கத்தின் மேசைக்குப் போனார்.

"ஐயா, அந்தப் பாஷை எழுத்தையும் நான் எழுதுவன். வவுனியாவில பேக்கரி வைச்சிருக்கிற சிங்களப் பாஸ் ஒருத்தரிட்டப் பழகினனான். அவற்ர போட்டை நான்தான் எழுதினனான். ஒரு எழுத்தோடயும் எனக்குக் கோவமில்லை. எங்கட எழுத்துக்குக் கீழ அதையும் எழுதித் தாறன். ரெண்டும் கிடக்கட்டும். கூலியும் வேண்டாம், பெயின்ற் மட்டும் தாங்கோ."

"ரெண்டும் கிடக்கேலாது சாகிபு. சட்டம் அப்பிடி. நீர் பதிவு செய்த கொந்தராத்துக்காரரும் இல்லை. பதியிறதெண்டால் கொழும்பில பிணைப்பணம் கட்டவேணும்."

"பத்து வருசமா இந்த ஊரில எழுதிறவன், கொழும்பில போய்ப் பிணை வைக்கோணுமோ? நான் என்ன, கள்ளனோ?"

"எனக்குப் பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் இருக்கு," என்றார் பரமலிங்கம். அந்தப் பதிலுக்கும் கேள்விக்கும் என்ன தொடர்பு என்று அன்றைக்கு எனக்கு விளங்காதது போல நடித்தேன். எனக்கும் அந்த மொழிப் பரீட்சை பாஸ் பண்ணாமல் சம்பள உயர்வு நின்றுபோயிருந்தது. பயம் எல்லோர் மேசையிலும் ஒரே அளவுதான் இருந்தது.

மீராசாகிபு கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "என்ர எழுத்தை என்ர கையால அழிக்கமாட்டன். வேற ஆளைப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆனி மாதம் கூலியாட்கள் தார்ப் பீப்பாவோடு போய் முப்பத்தெட்டையும் அழித்தார்கள். பழைய எழுத்தை அழித்தால் புதுப் பலகை வரும் வரைக்கும் ஏதாவது வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. பலகைகள் கறுப்பாக நின்றன. ஆடி போனது, ஆவணி போனது. புதுப் பலகைகளுக்குக் கொழும்பில் விலை கேட்டுக் கேள்விப்பத்திரம் கோரினார்கள், பிறகு திரும்பவும் கோரினார்கள். அதற்குள் புரட்டாதியோடு நிதியாண்டு முடிந்தது. செலவழியாத பணம் திறைசேரிக்குத் திரும்பிப் போனது. அழிப்பதற்கென்று வந்த பணம் மட்டும் சரியாகச் செலவாகியிருந்தது. அந்தப் பத்திரங்களைக் கோவையில் வரிசையாகக் குத்தி வைத்தவனும் நான்தான்.

தை மாதம், பொங்கல் முடிந்து சில நாட்களில், வில்வமோட்டைக் குளத்தில் அது நடந்தது. வயலுக்குத் தண்ணீர் விடுவதற்காக அணையின் மதகான துருசைத் திறந்திருந்தார்கள். துருசு திறந்திருந்தால் குளத்தின் மேற்பரப்பு சும்மா கிடப்பது போலத்தான் தெரியும், இழுவையெல்லாம் அடியில். அதைத் தெரியாதவர் அந்தப் படியில் கால் வைக்கக்கூடாது. அதைச் சொல்லத்தான் அங்கே ஒரு பலகை நடப்பட்டிருந்தது. 'அபாயம். துருசு திறந்திருக்கும் வேளை அணைப் படியில் இறங்க வேண்டாம்' என்று மீராசாகிபு சிவப்பில் எழுதிய பலகை.

இராசமலர் என்ற பெண் சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து புருசனோடு குடியேறி மூன்று கிழமைதான். கிணற்றில் குளித்து வளர்ந்தவள், குளம் பழக்கமில்லை. அன்று காலை உடுப்புத் தோய்க்க வந்தாள். கரையோரத்தில் தோய்த்த சேலையை விரிக்க இடம் பார்த்து, அந்தக் கறுப்புப் பலகையின் மேலேயே விரித்தாள். பிறகு குளிக்கவென்று படியில் இறங்கினாள். தண்ணீர் காலைப் பிடித்து இழுத்தது. துருசின் இரும்புக் கம்பியில் கை சிக்கியதால் உயிர் தப்பினாள். வரம்பு கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து இழுத்தெடுத்தபோது வலது கை முழங்கைக்கு மேலே முறிந்திருந்தது.

விபத்து அறிக்கை எடுக்க என்னை ஆசுபத்திரிக்கு அனுப்பினார்கள். 'அவதானக் குறைவு' என்று எழுதி வரும்படி பரமலிங்கம் சொல்லியிருந்தார். நான் போனபோது மீராசாகிபு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஜொஹறா கஞ்சிப் பாத்திரத்தோடு இருந்தா.

"பிள்ளை, உமக்கு வாசிக்கத் தெரியுமோ?" என்று அவர் அவளிடம் கேட்டார்.

"ஓம் ஐயா. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான். எழுதிக் கிடந்திருந்தால் வாசிச்சிருப்பன்தானே. அதில ஒண்டும் இருக்கேல்லை. சும்மா தார் பூசின பலகை எண்டு நினைச்சன்."

மீராசாகிபு என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் பட்டப்பகலில், சைக்கிளில் இரண்டு பெயின்ற் தகரமும் ஒரு சிறு ஏணியும் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார். பலகையைத் தொடவில்லை. துருசின் சீமெந்துச் சுவரைக் கழுவித் துடைத்து, மதியம் வரைக்கும் காயவிட்டார். பிறகு ஒரு முழ உயரத்தில் எழுதத் தொடங்கினார். வயலில் நின்றவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். முதலில் தமிழில் எழுதினார். அதே அளவில், அதே சிவப்பில், கீழே சிங்களத்தில் எழுதினார். பத்து வருசத்தில் ஒரு பலகையிலும் தன் பெயரை எழுதாத மனிதர், அன்று மூலையில் 'எழுதியது மீராசாகிபு' என்று போட்டார்.

அரச சொத்தைப் பழுதாக்கியதாக எங்கள் கந்தோர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தது. ஒரு பெண் சாகப் பார்த்தபோது அசையாத கந்தோர், சுவரில் பெயின்ற் பட்டதும் இரண்டே நாளில் அசைந்தது. அந்த முறைப்பாட்டையும் நான்தான் அடித்தேன்.

பங்குனியில் வழக்கு. அவர் தனக்காக வாதாட அப்புக்காத்து வைக்கவில்லை. கோவையைக் கொண்டுவரும்படி எனக்கு அழைப்பாணை வந்தது. பரமலிங்கம் பின்வரிசை வாங்கில் வந்து உட்கார்ந்தார். சுவரில் எழுதியதை ஒத்துக்கொள்கிறீரா என்று நீதவான் கேட்டார்.

"ஓம் ஐயா, எழுதினனான். ரெண்டு பாஷையிலயும் எழுதினனான். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லச் சொல்லுங்கோ, திருத்தித் தாறன்," என்றார் மீராசாகிபு. பிறகு, "இந்தக் கிளாக்கர் தம்பியிட்ட நான் ஒண்டு கேக்கலாமோ?" என்றார். நீதவான் தலையசைத்தார்.

"தம்பி, அந்தப் பலகையில கிடந்த எழுத்தை எப்ப அழிச்சவை?"

"போன ஆனியில."

"புதுப் பலகை எப்ப வந்தது?"

பரமலிங்கத்தின் பார்வை என் முதுகில் குத்தியது. கோவையை விரித்தேன்.

"வரேல்லை. கேள்விப்பத்திரம் முடியிறதுக்குள்ள நிதியாண்டு முடிஞ்சுது. புதுப் பலகைக்கு ஒதுக்கின பணம் செலவழியாமல் திறைசேரிக்குத் திரும்பிப் போட்டுது. இந்தா, கடிதம் இருக்கு. அழிக்கிறதுக்கெண்டு வந்த பணம் மட்டும் முழுக்கச் செலவழிஞ்சுது. அதுக்கும் கணக்கு இருக்கு."

கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு வருசமாகத் தொண்டைக்குள் கிடந்தது. முறிந்த கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலடியில் நின்ற இராசமலர், "நான் அந்தப் பலகையிலதான் ஐயா சேலை காயப்போட்டனான்!" என்று யாரும் கேட்காமலே சத்தமாகச் சொன்னாள். சேவகன் அவளை வெளியே போகச் சொன்னான்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டத்தில் தனக்கு வேறு வழியில்லை என்று சொல்லிப் பத்து ரூபா தண்டம் விதித்தார். எழுத்தை அழிக்கும் செலவையும் அவரிடம் அறவிடவேண்டும் என்று கந்தோர் கேட்டிருந்ததை மட்டும் மறுத்தார். மீராசாகிபு தண்டத்தைக் கட்டினார். அவருக்கு அது ஒரு கிழமைச் சாப்பாடு.

அழிக்கிற வேலை கந்தோரின் தலையில் விழுந்தது. பரமலிங்கம் கூலியாட்களைக் கூப்பிட்டார். "தார்ப் பீப்பா வெறுமையாக் கிடக்கு ஐயா," என்றார்கள். பீப்பா முக்கால்வாசி நிரம்பியிருந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் கொஞ்சம் மன்னித்தேன்.

மூன்று மாதத்தில் எனக்குத் தெற்கே சிங்களப் பகுதியான அம்பாந்தோட்டைக்கு மாற்றம் வந்தது. அறுபத்தேழில் திரும்பி வந்தபோது சுவரில் எழுத்து இருந்தது. இராசமலரின் கை கோணலாகவே பொருந்தியிருந்தது. அவளுக்கு ஒரு சதம் நட்டஈடு கொடுக்கப்படவில்லை. மீராசாகிபு மெலிந்திருந்தார். அரச வேலை ஒன்றுகூட அவருக்குப் பிறகு வரவில்லை. அரசாங்கத்தோடு கொழுவிச் சண்டை பிடிச்ச ஆள் என்று சங்கக் கடையும் பள்ளிக்கூடமும்கூட ஒதுங்கிக்கொண்டன. உழவு மெசினுக்குப் பெயர், சவப்பெட்டிக்குப் பெயர் என்று கிடைத்ததை எழுதி அவரும் ஜொஹறாவும் சீவித்தார்கள்.

அடுத்த வருசம், முதுமையடைந்த கலைஞர்களுக்கு உதவிப்பணம் கொடுக்க வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருப்பதாகப் பத்திரிகையில் கண்டேன். அவர் வேண்டாமென்றார். நான் விடாமல் படிவம் எடுத்து நிரப்பி அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பெயர்ப்பலகை எழுதுவது கலை என்ற வகுதிக்குள் அடங்காது, விண்ணப்பதாரர் தினக்கூலித் தொழிலாளி, ஆகவே தகுதியில்லை.

கோர்ட்டிலும் கந்தோரிலும் குரல் உயர்த்தாத மனிதர் அன்றைக்குத்தான் கத்தினார். ஜொஹறா குசினியிலிருந்து ஓடிவந்தா.

"நான் கேட்டனானோ? இவங்களிட்டப் பிச்சை கேட்டனானோ? தார் பூசினது காணாதெண்டு இப்ப நான் ஆரெண்டும் இவங்களே சொல்லப் போறாங்களோ? எழுதுங்கோ தம்பி. பதில் எழுதுங்கோ!"

எழுதினேன், இந்த முறை தமிழில். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். 'எனக்கு உங்கள் பணம் தேவையில்லை. முப்பத்தெட்டுப் பலகையும் ஒரு சுவரும் எழுதியவன் நான். என் தொழில் என்ன என்று உங்கள் புத்தகத்தில் சரியாக எழுதிக்கொள்ளவும்.' அவர் கையெழுத்து வைத்தார். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. மறுவருசம் ஐப்பசி மழைக்குள் அவர் மௌத்தாகி அடக்கமானார். பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டை ஜொஹறா என்னிடம் கொண்டுவந்து தந்து, "இன்னொருக்கா அனுப்பிப் பாருங்கோ தம்பி," என்றா. அனுப்பினேன். அதற்கும் பதில் வரவில்லை.