அறுபத்து மூன்றா, அறுபத்து எட்டா

எமில் ராட்கே எண்களைப் பார்த்துச் சொல்லியே ஐம்பத்தெட்டு வயதை எட்டியவர். வார நாட்களில் வெஸ்டர்பி ஊரின் தானியக் கிடங்கில் லாரிகளின் எடையைப் பார்த்துச் சொல்வார். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் கல்லூரி மைதானத்தின் உச்சியில், பலகை அடித்த பத்திரிகைக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஆட்டக்காரர்களின் முதுகு எண்ணைப் பார்த்துச் சொல்வார். அமெரிக்கக் கால்பந்தின் முட்டைப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடியவன் யார், அவன் மேல் பாய்ந்து சாய்த்தவன் யார் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். பத்துப் பதினைந்து பேர் ஒரே குவியலாக விழுந்து கிடந்தாலும் அடியில் கிடப்பவனின் எண் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொல்லச் சொல்ல, கல்லூரியின் செய்திக் குறிப்புகளை எழுதும் மெர்ல் ஹாகன் தட்டச்சு இயந்திரத்தில் அடிப்பார்.

பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். சம்பளம் கிடையாது. காபி, ஒரு ஹாட் டாக், கூண்டுக்குள் நுழைய ஓர் அனுமதி அட்டை, அவ்வளவுதான். அந்த அட்டையை எமில் வருஷம் முழுக்கத் தொப்பிப் பட்டையில் செருகி வைத்திருப்பார். வெளியூர் நிருபர்கள் தாங்கள் குறித்ததை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதுவார்கள். ஊரில் வேறு எதற்கும் அவர் பெயர் அடிபட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் ஏப்ரலில் வலது கண்ணின் நடுவில் ஒரு மங்கல் விழுந்தது, ஈரவிரல் பட்ட கண்ணாடி போல. எத்தனை துடைத்தாலும் போகவில்லை. லிங்கன் நகரத்து மருத்துவர், இடது கண்ணிலும் அது தொடங்கிவிட்டது என்றார். எமில் வீட்டுக்கு வந்து, கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டதாகவும் அதைச் சரிசெய்யப் போனதாகவும் மனைவி அயோனிடம் சொன்னார். கண் போனால் கூண்டு மட்டுமல்ல, எடைமேடையும் போகும். இரண்டும் போன பிறகு மிச்சமிருக்கும் எமில் ராட்கே யார் என்று அவருக்கே தெரியவில்லை.

செப்டம்பர், அக்டோபர் எப்படியோ ஓடின. வெயிலில் வெள்ளை எண்கள் பளிச்சென்று இருந்தன. சந்தேகம் வந்தால் நடையை வைத்துச் சமாளித்தார். நவம்பரில் ஃபென்டன் கல்லூரியோடு ஆட்டம் வந்தது. மூன்று நாள் மழைக்குப் பிறகு மைதானம் களியாகக் கிடந்தது. கால்மணி நேரத்தில் இரண்டு அணியும் ஒரே நிறமாகிவிட்டன.

வெஸ்டர்பி அணியின் முன்வரிசையில் 'கார்டு' என்னும் காவல் இடங்களில் நின்றவர்கள் இருவர். ரே லண்ட்வாலுக்கு எண் அறுபத்து மூன்று. லியோ பார்டோஷுக்கு அறுபத்து எட்டு. ஒரே உயரம், ஒரே அகலம். ஆனால் லியோ தரையிலிருந்து எழுந்ததும் தண்ணீரை உதறுவது போல இடது கையை ஒரு தரம் உதறுவான். மூன்று வருஷமாக எமில் எண்ணைவிட அந்த உதறலைத்தான் நம்பிவந்தார். அன்றைக்கோ எண்ணைத் தேடிப் பிடிப்பதற்கே கண் களைத்துப்போனது. கையைப் பார்க்க நேரமில்லை.

"யாரு, எமில்?"

"அறுபத்து மூணு."

"மறுபடியுமா? இன்னிக்கு ரேக்குப் பேய் பிடிச்சிருக்கு."

"அறுபத்து மூணுதாம்ப்பா. அடி."

ஆட்டம் முடிந்து மெர்ல் கூட்டிப் பார்த்தபோது ரே பதினோரு பேரைச் சாய்த்திருந்தான். லியோ இரண்டு.

வேறொரு வாரமாக இருந்தால் அது பெரிய விஷயமில்லை. அந்த வாரம் நட்சத்திர அணிக்கு வாக்குப் போடும் வாரம். ஏழு கல்லூரிகளின் கோச்களும் சேர்ந்து பருவத்தின் சிறந்த பதினோரு பேரை முதல் அணியாகவும், அடுத்த பதினோரு பேரை இரண்டாம் அணியாகவும் தேர்ந்தெடுப்பார்கள். யாரும் தன் பையனுக்கு வாக்குப் போடக் கூடாது. அடுத்த கல்லூரியின் பையன்களை எல்லோரும் எல்லா வாரமும் பார்த்திருக்க முடியுமா? செவ்வாய்க்கிழமை தபாலில் வரும் கணக்குத் தாளைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். வெஸ்டர்பி தாள் என்றால் எமிலின் கண். அதை யாரும் சந்தேகித்ததில்லை. முதல் அணியில் கார்டுக்கு இரண்டு இடம். ஒன்று ஃபென்டனின் பூதாகரமான பையனுக்கு என்று ஏற்கெனவே முடிவான மாதிரி. மிச்சம் ஒரே இடம்.

அந்த ஓர் இடத்துக்காக லியோ எதைப் பணயம் வைத்திருந்தான் என்பது ஊருக்கே தெரியும். அவன் அப்பா ஃப்ராங்க் பார்டோஷ் முடிதிருத்தும் கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்: "மொத அணில பேர் வந்தா அவன் இஷ்டம். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னாலும் கோச்சாப் போகட்டும், நான் தடுக்க மாட்டேன். வரலையா, ஜூன் மாசம் பண்ணைல டிராக்டர் அவனுக்காகக் காத்திருக்கு." பள்ளிகளும் முதல் அணிக்காரனைத்தான் வேலைக்குக் கேட்டன.

திங்கட்கிழமை மதியம் லூத்தரன் ஆலயத்தின் அடித்தளக் கூடத்தில் வழக்கமான சாப்பாட்டுக் கூட்டம். கோழியும் நூடுல்ஸும் முடிந்து, ஆலயத்துப் பெண்கள் ஆப்பிள் பை என்ற இனிப்பு அப்பத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அயோனும் அவர்களில் ஒருத்தி. வெஸ்டர்பி அணியின் கோச் விக்கரி சனிக்கிழமை ஆட்டத்தின் படச்சுருளை ஓட்டினார். எமில் திரைக்கு நாலடி தள்ளி முதல் வரிசையில் இருந்தார். இப்போதெல்லாம் அங்கேதான் உட்காருவார்.

திரையில் சேற்றுப் பொம்மைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அடியிலிருந்து ஒருவன் எழுந்தான். இடது கையை உதறினான்.

எமிலுக்கு வாயிலிருந்த ஆப்பிள் பை மண்ணாயிற்று.

அடுத்த மோதல். எழுந்தவன் இடது கையை உதறினான். அதற்கடுத்ததிலும் அதே கை.

கோச் படத்தை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டினார். விழுந்தவர்கள் துள்ளியெழுந்து பின்பக்கமாக ஓட, கூட்டம் சிரித்தது. "இது லியோவோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆனா மெர்லோட தாள்ல ரேன்னு இருக்கு. முதுகு பூரா சேறு, என்னால சாட்சி சொல்ல முடியல. எமில், எங்க இருக்கீங்க? அறுபத்து மூணுதானே?"

"அவர்கிட்டப் போய்க் கேக்கறீங்களே கோச்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கோயில் கடிகாரத்துக்கிட்ட உன் நேரம் சரியான்னு கேப்பீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. எமிலின் கை தொப்பிப் பட்டையிலிருந்த அட்டைக்குப் போனது.

"ஆமா," என்றார். "அறுபத்து மூணு."

பைத் தட்டோடு சுவரோரம் நின்றிருந்த அயோன், கணவனின் காது மடல் சிவப்பதைப் பார்த்தாள்.

செவ்வாய்க் காலைத் தபாலில் தாள் போய்விட்டது. அன்று பிற்பகல் லியோவே சோள லாரியை ஓட்டிக்கொண்டு எடைமேடைக்கு வந்தான். சீட்டு வாங்கக் குடிலுக்குள் நுழைந்தவனின் தாடையில் பச்சையும் ஊதாவுமாகக் காயம்.

"பதினொண்ணு அடிச்சது ரே, மிஸ்டர் ராட்கே. வலி மட்டும் எனக்கு," என்றான் சிரித்தபடி. "இது என்னடா நியாயம்னு அவன்கிட்டயே கேட்டேன். மதியம் பாதி சாண்ட்விச்ச எங்கிட்டத் தள்ளினான். அவன் சாண்ட்விச்சத் தர்ற ஆளா!"

எமில் எடைக்கோலின் மேல் குனிந்தார். மூக்கு இரும்பில் படும்வரை குனிய வேண்டியிருந்தது. "பன்னிரண்டாயிரத்து முந்நூறு."

"எண்ணூறு."

"என்னது?"

"முந்நூறு இல்ல மிஸ்டர் ராட்கே. எண்ணூறு."

எமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி குனிந்தார். லியோ கோலைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கிப் போவது அந்த மங்கலிலும் எமிலுக்குத் தெரிந்தது.

முப்பது வருஷமாக அந்தக் குடிலில் யாரும் அவர் எடையைத் திருத்தியதில்லை. இவன் கத்துவான், ஓடிப்போய்க் கோச்சிடம் சொல்வான் என்று காத்திருந்தார். சொல்லட்டும், தொலையட்டும் என்றுகூட நினைத்தார்.

லியோ சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "நான் ஒண்ணும் பாக்கல, மிஸ்டர் ராட்கே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்றைக்கு மாலை ஐந்தரை மணிச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே எமில் எல்லாவற்றையும் அயோனிடம் சொன்னார்.

"எவ்வளவு நாளா?"

"ஏப்ரல்லேர்ந்து."

"கோப்பைக்கு வெளிய காபி ஊத்தினப்பவே நெனச்சேன். திருகாணியாம், திருகாணி."

"சொன்னா ரெண்டும் போயிடும், அயோன். கூண்டும் போயிடும், மேடையும் போயிடும்."

"அந்தப் பையனுக்கு என்ன போகும்?"

எமில் தட்டைத் தள்ளி வைத்தார். அயோன் எழுந்து போய், கதவருகே கொக்கியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு நான் ஓட்டறேன். எங்க போகணும்னு நீ சொல்லு."

புதன் காலையில் எமில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெர்ல் நாற்காலியில் சாய்ந்தார். "தாள் போயாச்சேப்பா. தாள் கைக்கு வந்த நாளே வாக்க எழுதித் தபால்ல போடற ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க, தெரியுமில்ல?"

"மிச்சப் பேருக்குத் தந்தி அடி."

"அடிக்கறேன். தட்டச்சுல தப்புன்னு அடிக்கறேன். பழி எம்மேல இருக்கட்டும். எனக்கென்ன, மாசத்துக்கு ரெண்டு தப்பு எப்பவும் உண்டு."

எமில் ஒரு கணம் தடுமாறினார். அந்த ஒரு கணத்தை அவர் பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டார். அப்படியே விட்டுவிட்டால் கூண்டு இருக்கும், மேடை இருக்கும், லியோவுக்கும் நியாயம் கிடைக்கும். ஆனால் அடுத்த வாரம் வியாழக்கிழமை நன்றி நாள் விடுமுறை ஆட்டம் ஒன்று பாக்கி இருந்தது. மெர்ல் பக்கத்தில் உட்கார்ந்து "யாரு, எமில்?" என்று கேட்பார்.

"வேண்டாம். எண் சொன்னவனுக்குக் கண் தெரியலன்னு அடி."

பிற்பகல் எமில், மெர்ல், கோச் விக்கரி மூவரும் உட்கார்ந்து படச்சுருளை மறுபடி ஓட்டினார்கள். எமில் திரையை ஒட்டி நின்று கை உதறலை எண்ணினார். பதினொன்றில் எட்டு லியோவுடையது. கோச் விக்கரி எமில் தோளைத் தட்டாமல் விளக்கைப் போட்டார். தந்திகள் போயின.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பட்டியல் வந்தது. அயோன்தான் படித்துச் சொன்னாள். முதல் அணியில் லியோ இல்லை. ரேயும் இல்லை. ஏற்கெனவே எழுதிப் போட்ட இரண்டு கோச்கள் ரேக்குப் போட்டிருந்தார்கள். தந்தியை நம்பிய இருவர் லியோவுக்கு. மீதி இருவர், கண் தெரியாதவன் சொன்ன தாளில் எதை நம்புவது என்று இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு, கில்மன் கல்லூரிப் பையனுக்கு. தன் பையன்களுக்குப் போட முடியாத கோச் விக்கரியும், வேறு யாரும் தோன்றாமல், அந்தக் கில்மன் பையனுக்கே போட்டிருந்தார். மூன்று, இரண்டு, இரண்டு.

திங்கட்கிழமை லியோ கிடங்குக்கு வந்தபோது மேடையில் வேறு ஆள் இருந்தான். மேலாளர் நல்ல மனிதர். எமிலை விதை மூட்டைகளை அடுக்கும் கொட்டகைக்கு மாற்றியிருந்தார். லியோ அங்கே தேடி வந்தான்.

"ரெண்டாம் அணில போட்டிருக்காங்க. ரேயும் நானும் பக்கத்துப் பக்கத்துல."

"உங்கப்பா?"

"பேப்பர மடிச்சு வெச்சுட்டு, வடக்கு வேலிக்கு எத்தன கம்பம் வேணும்னு கேட்டார்."

எமில் மூட்டையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்டர் ராட்கே. நான்தான் பாக்கலன்னு சொன்னேனே. நீங்க சும்மா இருந்திருந்தா ரேயாவது போயிருப்பான்."

"ஆமா," என்றார் எமில். கூட்டத்தில் சொன்ன அதே சொல். இந்த முறை கை தொப்பிக்குப் போகவில்லை. அட்டையை மெர்லிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

லியோ தானாகவே இரண்டு மூட்டைகளைத் தூக்கி மேலே அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அது மன்னிப்பா, வெறும் பழக்கமா என்று எமிலுக்கு விளங்கவில்லை.

நன்றி நாள் ஆட்டத்துக்கு, பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, எமில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு அயோனோடு பலகைப் படிகளில் உட்கார்ந்தார். உச்சியில் கூண்டுக்குள் யாரோ ஓர் இளைஞன் எண் சொல்லிக்கொண்டிருந்தான். கீழே மைதானம் பழுப்பும் வெள்ளையுமாகக் கலங்கிக் கிடந்தது. பின்படியில் ஒருவன், "யாருடா அது, இப்படிப் போய் முட்டறான்?" என்றான். குவியல் பிரிந்தது. அடியிலிருந்து ஓர் உருவம் எழுந்து கையை உதறுவது போல இருந்தது. அல்லது உதறவில்லையோ.

"அறுபத்து எட்டு," என்றார் எமில், அயோனுக்கு மட்டும் கேட்கும்படி.

அயோன் மைதானத்தைப் பார்த்தாள். போர்வையை இழுத்து அவர் முழங்காலை மூடினாள். "ஆமா, எமில். அறுபத்து எட்டுதான்."

அவள் உண்மையைத்தான் சொல்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இனி வழியில்லை.